ஒரு டிஸ்க் போன பிறகு

(அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சீர்செய்யப்பட்டது.)

இரண்டு டிஸ்க்குகளை மிரராகக் கட்டிய லினக்ஸ் சர்வர் ஒன்று. நள்ளிரவில் அதில் ஒரு டிஸ்க் செத்துப்போகிறது. மறுநாள் காலை அலுவலகத்தில் என்ன நடக்கும்? ஒன்றுமே நடக்காது. பில் போடுகிறவர் பில் போடுவார், கணக்கு எழுதுகிறவர் கணக்கு எழுதுவார், மேலாளர் வழக்கம்போலப் பிரிண்டரைத் திட்டுவார். சர்வர் மட்டும், ப்ராக் அடைவுக்குள் இருக்கும் எம்டிஸ்டாட் என்ற கோப்பில் ஓர் எழுத்தை மாற்றிக் காட்டும். சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ இருந்த இடத்தில் இப்போது ஒரு ‘யூ’, ஓர் அடிக்கோடு. யாராவது எட்டிப் பார்த்தால்தான் அதுவும் தெரியும்.

லாரியின் பின்பக்கம் இரட்டை டயர் போட்டிருப்பார்கள். உள்டயர் வெடித்தாலும் வண்டி ஓடும். ஓட்டுநருக்கு உடனே தெரியாமலும் போகலாம். ஆனால் பாரம் முழுவதும் இனி வெளிடயரின் மேல்தான். டிகிரேடட் என்று லினக்ஸ் சொல்லும் நிலை இது.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். மிரரில் ஒரு டிஸ்க் சாவதால் தரவு போவதில்லை. அதற்குப் பிறகு நாம் கவனிக்காமல் விடும் வாரங்களிலும், கவனித்தபின் பதறிப்போய்த் தட்டும் கட்டளைகளிலும்தான் போகிறது. ஆகவே சீரமைப்பு என்றால் முதலில் படிப்பது, அப்புறம் படிப்பது, அதற்கப்புறம்தான் தட்டச்சு.

கொஞ்சம் பின்கதை. 1988-இல் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற பெர்க்லி ஆய்வாளர்கள் மூவரும் டிஸ்க்குகளை இப்படிச் சேர்த்துக் கட்டுவதற்கு ரெய்டு என்ற பெயரை உலகுக்குக் கொடுத்த கட்டுரையை முன்வைத்தார்கள். மிரர் அவர்கள் கண்டுபிடித்தது அல்ல. டாண்டம் போன்ற நிறுவனங்கள் அதற்கு முன்பே அதை விற்றுக்கொண்டிருந்தன. இந்த மூவரும் அதற்கு முதல் நிலை என்று எண் கொடுத்து, மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்தால் விலையுயர்ந்த பெரிய டிஸ்க்குக்கு ஈடாகும் என்று வாதிட்டார்கள்.

எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது பத்தொன்பது ஆண்டுகள் கழித்து நடந்தது. அதே கார்த் கிப்சன், பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து, பல இடங்களில் உண்மையாக ஓடிக்கொண்டிருந்த ஏறக்குறைய ஒரு லட்சம் டிஸ்க்குகளின் வரலாற்றைத் திரட்டி 2007-இல் ஒரு மாநாட்டில் வெளியிட்டார். தயாரிப்பாளர்கள் விவரத்தாளில் போடுகிற பத்து லட்சம் மணி நேர ஆயுளை நம்பினால் ஆண்டுக்கு 0.88 சதவீத டிஸ்க்குகள்தான் பழுதாக வேண்டும். களத்தில் 2 முதல் 4 சதவீதம் வரை மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதத்தைத் தொட்டது. அதைவிட முக்கியம், பழுதுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரவில்லை என்பது. ஒன்று போனால் அடுத்ததும் சீக்கிரம் போகும் வாய்ப்பு கூடுகிறது. நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து அடுத்தடுத்த வரிசை எண்ணில் இரண்டு டிஸ்க் வாங்குகிறோம். ஒரே பெட்டிக்குள் ஒரே சூட்டில், ஒரே பவர் சப்ளையில் ஆண்டுக்கணக்காக ஓட விடுகிறோம். இரட்டையரில் ஒருவர் போய்விட்டால் மற்றவரை நம்பி எத்தனை நாள் இருப்பது?

அதே 2007 மாநாட்டில் கூகுள் நிறுவனமும் தன் டிஸ்க்குகளைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்தது. செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல், வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் கணக்குகளில் எந்த அறிகுறியும் காட்டாமலேயே செத்திருந்தன. ஸ்மார்ட் நன்றாக இருக்கிறது என்பதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. மோசமாக இருந்தால் மட்டும் நம்புங்கள்.

சரி, எம்டிஸ்டாட்டில் அடிக்கோட்டைப் பார்த்துவிட்டீர்கள். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து நான் ஒப்பிக்கப் போவதில்லை. மேன் பக்கத்தில் தெளிவாக இருக்கின்றன. லினக்ஸில் இதற்கான கருவி எம்டிஏடிஎம். ஆஸ்திரேலியரான நீல் பிரவுன் 2001 வாக்கில் எழுதத் தொடங்கியது. அதன் ‘டீடெய்ல்’ கட்டளை எந்த உறுப்பு வெளியேற்றப்பட்டது என்று சொல்லும். ‘எக்ஸாமின்’ ஒவ்வொரு டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கையும் படித்து, ஈவண்ட்ஸ் என்ற எண்ணைக் காட்டும். மிரரில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண் அது. எந்த டிஸ்க்கில் எண் குறைவோ அது பின்தங்கிய டிஸ்க். இந்த இரண்டின் வெளியீட்டையும் வேறொரு கணினியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிக்கல் வந்தால் உதவிக்கு வருகிறவர் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்த கேள்வி, அந்த டிஸ்க் ஏன் வெளியேறியது? இங்கே நின்று நிதானமாகப் பேச விரும்புகிறேன். நல்ல டிஸ்க்குகள் பல குப்பைக்குப் போவது இந்த இடத்தில்தான்.

லினக்ஸில் மிரரை நடத்தும் எம்டி இயக்கி ஒரு டிஸ்க்கை எடுத்த எடுப்பில் தூக்கி எறிவதில்லை. ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை என்றால், அதே பகுதியை மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்து, பழுதான இடத்தில் திரும்ப எழுதிப் பார்க்கும். எழுதவே முடியாவிட்டாலோ, டிஸ்க் பதிலே சொல்லாவிட்டாலோதான் வெளியே தள்ளும். பதில் சொல்லாததற்கு டிஸ்க்தான் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம். பவர் கனெக்டரில் தூசி இருக்கலாம். ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண், கேபிள் வழியே தரவு சிதைந்து வந்த கணக்கு. அது ஏறியிருந்து, 5, 197, 198 ஆகியவை பூஜ்யமாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். 5 என்பது மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 என்பது டிஸ்க்கே தன்னைச் சோதித்துக்கொண்டபோது திருத்த முடியாமல் போனவை. இவை பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தால் அந்த டிஸ்க்குக்கு விடை கொடுத்துவிடலாம்.

டிஸ்க் வெளியேற மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கிறது. சின்ன அலுவலகங்களில் சர்வர் என்ற பெயரில் ஓடுவது பெரும்பாலும் மேசைக் கணினி டிஸ்க்தான். மேசைக் கணினியில் அது ஒன்றே ஒன்று. அதனால் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க ஒரு நிமிடம், சில வகைகளில் இரண்டு நிமிடம்கூட விடாமல் முயன்று பார்க்கும்படி செய்திருப்பார்கள். லினக்ஸ் கர்னலோ 30 விநாடிதான் பொறுக்கும். பிறகு இணைப்பை மீட்டமைக்கப் பார்க்கும், டிஸ்க் தன் முயற்சியிலேயே மூழ்கியிருக்கும், அதைச் செத்ததாகக் கர்னல் கணக்கில் எழுதிவிடும். சர்வருக்கென்றே செய்த டிஸ்க்குகள் ஏறக்குறைய 7 விநாடியில் கைவிரித்துவிடும், மீதியை எம்டி பார்த்துக்கொள்ளும். உங்கள் டிஸ்க் ஒத்துக்கொண்டால் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடிஇஆர்சி அமைப்பை 70 என்று வையுங்கள். அது விநாடியில் பத்தில் ஒரு பங்கைக் கொண்ட கணக்கு, ஆகவே 7 விநாடி. டிஸ்க் ஒத்துக்கொள்ளாவிட்டால் கர்னலின் பொறுமையை 180 விநாடிக்கு உயர்த்துங்கள். மின்சாரம் போய் வந்தால் இரண்டும் பெரும்பாலும் மறந்துபோகும்; பூட் ஆகும்போதெல்லாம் ஓடும்படி எழுதி வைக்க வேண்டும். டிஸ்க்குக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்க யோசிக்கும் முதலாளியிடம் இந்த 7-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள்.

கேபிள்தான் காரணம் என்று உறுதியானால் அதே டிஸ்க்கை ‘ரீ-ஆட்’ செய்யலாம். எழுதிய இடங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்தால், விட்டுப்போன பகுதிகளை மட்டும் சேர்த்துக்கொண்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஓரளவு பெரிய மிரர்களுக்கு இப்போதைய எம்டிஏடிஎம் தானாகவே பிட்மேப் போட்டுவிடுகிறது.

டிஸ்க் உண்மையாகவே செத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது டிஸ்க் வாங்க ஆள் அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியது பேக்கப். மிரர் இருக்கிறதே, எதற்குப் பேக்கப் என்று கேட்கிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஜர்னல்ஸ்பேஸ் என்று ஓர் அமெரிக்க வலைத்தளம் இருந்தது. பல ஆண்டுகளாக மக்கள் தங்கள் நாட்குறிப்புகளை அதில் எழுதிவந்தார்கள். 2008 இறுதியில் அதன் தரவுத்தளம் மேலெழுதப்பட்டு அழிந்தது. அவர்களுக்கு இருந்த ஒரே பேக்கப் மிரர்தான். அழிக்கும் கட்டளையையும் மிரர் இரண்டு டிஸ்க்கிலும் விசுவாசமாக நிறைவேற்றியது. தரவு மீட்பு நிபுணர்களாலும் எடுக்க முடியவில்லை, தளத்தை மூடிவிட்டார்கள். இப்போது உங்கள் சர்வரில் அந்த மிரர்கூட இல்லை, எஞ்சியிருப்பது ஒரே பிரதி. முழு டிஸ்க்கையும் நகலெடுக்க நேரமில்லை என்றால் கணக்குத் தரவையாவது, தரவுத்தள டம்ப்பையாவது வெளியே எடுத்து வையுங்கள். மிக முக்கியமானதை முதலில் எடுங்கள். நகலெடுக்கும்போதே டிஸ்க் போனால் முக்கியமானது வெளியே வந்திருக்கும்.

அடுத்தது அடையாளம் காண்பது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள். அவை கர்னல் கண்ட வரிசையில் வைத்தவை. மறுபடி பூட் செய்தால் இடம் மாறலாம். நம்ப வேண்டியது டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை. உயிரோடு இருக்கும் டிஸ்க்கின் சீரியல் எண்ணை ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு எடுத்து, தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ‘இதைத் தொடாதே’ என்று கீழே கோடு போடுங்கள். பெட்டியில் டிஸ்க் விளக்குகள் இருந்தால் நல்ல டிஸ்க்கிலிருந்து தொடர்ந்து படிக்கும்படி ஒரு கட்டளையை ஓட விடுங்கள். எந்த விளக்கு மின்னுகிறதோ அதன் பக்கம் கை போகக் கூடாது.

இதென்ன சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல என்று தோன்றலாம். 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்துக்கும் அதன் பிரதிக்கும் இடையிலான ஒத்திசைவைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிரதியில் இருப்பதாக நினைத்து அழிக்கும் கட்டளையைத் தட்டினார். நின்றுகொண்டிருந்ததோ முதன்மையில். ஓரிரு விநாடிகளில் நிறுத்திவிட்டார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அவர் கற்றுக்குட்டி அல்ல. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டில் ஒன்றை நள்ளிரவில் களைப்போடு தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. மிரரைச் சீரமைக்கும் ஒவ்வொருவரும் நிற்பது அந்த இடத்தில்தான்.

இனி மாற்றும் வேலை. வெளியேறிய உறுப்பை ‘ஃபெயில்’, ‘ரிமூவ்’ சொல்லி முறைப்படி நீக்குங்கள். ஒரே டிஸ்க்கில் மூன்று பார்ட்டிஷன் இருந்து மூன்று மிரர்கள் கட்டியிருந்தால், மூன்றிலிருந்தும் நீக்க வேண்டும். ஓடும்போதே கழற்றும் வசதி இல்லாத பெட்டி என்றால் சர்வரை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம்! பூட் லோடர் எந்த டிஸ்க்கில் இருக்கிறது? நிறுவும்போது க்ரப் முதல் டிஸ்க்கில் மட்டும் போயிருக்கலாம். செத்தது அந்த முதல் டிஸ்க்காக இருந்தால், தரவு பத்திரமாக இருந்தும் சர்வர் எழுந்திருக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மிஞ்சிய டிஸ்க்கில் க்ரப்பை நிறுவிவிடுங்கள். புதிய இஎஃப்ஐ பெட்டிகளில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் மிரருக்கு வெளியே தனியாக இருக்கும். அதன் நகல் இரண்டாவது டிஸ்க்கிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புது டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலைப் பழையதிலிருந்து நகலெடுப்பார்கள். அதற்கு எஸ்ஜிடிஸ்க் கருவியில் ஒரு சுருக்கவழி உண்டு, அதில் போக வேண்டிய டிஸ்க்கின் பெயர் முன்னும், எடுக்க வேண்டிய டிஸ்க்கின் பெயர் பின்னும் வரும். மனித மூளை நினைக்கும் வரிசைக்கு நேர் எதிர். மாற்றிப் போட்டால் வெற்றுப் பட்டியல் நல்ல டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். இந்தச் சுருக்கவழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எஸ்எஃப்டிஸ்க் கொண்டு பழைய பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து, அதைத் திறந்து படித்துப் பார்த்து, பிறகு புது டிஸ்க்கில் ஏற்றுங்கள். இரண்டு படி, நடுவே ஒரு நிதானம். புது டிஸ்க்கின் பார்ட்டிஷன் பழையதைவிடச் சிறிதாக இருந்தால் எம்டி சேர்த்துக்கொள்ளாது. முதல்முறை மிரர் கட்டும்போதே கடைசியில் 100 எம்பி காலியாக விட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பிறகு ‘ஆட்’. எம்டிஸ்டாட்டில் சதவீதம் ஓடத் தொடங்கும். எம்டிக்குக் கோப்புகள் தெரியாது, பிளாக்குகள்தான் தெரியும். டிஸ்க் பாதி காலியாக இருந்தாலும் முழுவதையும் நகலெடுக்கும். 4 டிபி டிஸ்க், விநாடிக்கு 150 எம்பி வேகம் என்றால் ஏழரை மணி நேரம். பகலில் பயனர்கள் வேலை செய்தால் எம்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைந்தபட்ச வேகத்தின் இயல்பு அளவு விநாடிக்கு 1000 கேபி, அதிகபட்சம் 2,00,000 கேபி. இரவில் குறைந்தபட்சத்தை உயர்த்தி வைக்கலாம். பகலில் பயனர்கள் கொஞ்சம் முனகினாலும் நான் உயர்த்தித்தான் வைப்பேன். ஒற்றை டிஸ்க்கில் ஓடும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இந்த ஏழரை மணி நேரத்தில்தான் மிஞ்சிய டிஸ்க்கின் உண்மை வெளிவரும். ஆண்டுக்கணக்காக யாரும் படிக்காத மூலைகளையெல்லாம் இப்போது படித்தாக வேண்டும். அங்கே கெட்ட செக்டர் இருந்தால் நகலெடுப்பு முறியலாம். டெபியன் அமைப்பில் மாதத்தின் முதல் ஞாயிறு பின்னிரவில் மிரர் முழுவதையும் படித்துப் பார்க்கும் சோதனை தானாக ஓடுவது இதற்காகத்தான். சர்வர் மெதுவாகிறது என்று அதை நிறுத்தி வைத்திருப்பவர்கள் திரும்ப இயக்கிவிடுங்கள். முறிந்தே விட்டால், திரும்பத் திரும்ப ‘ஆட்’ செய்து அந்த டிஸ்க்கை வதைக்காதீர்கள். மிரரை நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூ கருவியால் வரைபடக் கோப்புடன் புது டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அது எளிதில் வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வரும். நகல் கையில் வரும்வரை கோப்பமைப்பைத் திருத்தும் எந்தக் கட்டளையும் வேண்டாம்.

சாகப் போகிறது என்று தெரிந்தும் இன்னும் வெளியேறாத டிஸ்க்குக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. அதைக் கழற்றாமலேயே மிரரை ‘க்ரோ’ கொண்டு மூன்று உறுப்பாக்கிப் புது டிஸ்க்கைச் சேர்த்துவிடுங்கள். நகலெடுக்கும்போது ஒன்றில் படிக்க முடியாததை மற்றதிலிருந்து எம்டி எடுத்துக்கொள்ளும். இரண்டு நோயாளிகளும் சேர்ந்து ஒரு முழு ஆரோக்கியத்தைத் தந்துவிடுவார்கள், இருவருக்கும் ஒரே இடத்தில் புண் இல்லாத வரை. முடிந்தபின் நோயுற்றதை நீக்கி எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாம். பெட்டியில் மூன்றாவது சாட்டா துளை காலியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கண்டிப்பாகச் செய்யக் கூடாத ஒன்று. மறுபடி பூட் செய்தபின் மிரர் எழவில்லை என்றால் ‘க்ரியேட்’ கட்டளையைத் தொடாதீர்கள். பழைய மிரரை அது எழுப்பாது, அதன் மேல் புதிய ஒன்றை எழுதும். தரவு தொடங்கும் இடமும் எம்டிஏடிஎம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. பழைய அளவுகளோடு பொருந்தாமல் போய்விடும். ஒற்றை உறுப்போடு இயக்க ‘ரன்’ போதும்.

வன்பொருள் ரெய்டு கார்டு நல்லதா என்று முன்வரிசையில் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டு டிஸ்க் மிரருக்கு எம்டியே என் தேர்வு. கார்டு எரிந்தால் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். எம்டி மிரரின் ஒரு டிஸ்க்கை எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் படித்துவிடலாம்.

அதே காரணத்தால் கழற்றிய டிஸ்க்கை அப்படியே காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள். மிரரின் ஒரு பாதி என்பது உங்கள் வாடிக்கையாளர்களின் முழுப் பட்டியல். எழுத முடிந்தால் முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள், முடியாவிட்டால் துளைபோடுங்கள்.

கடைசியாக எச்சரிக்கை மின்னஞ்சல். எம்டிஏடிஎம் கண்காணிப்பு முறையில் ஓடும்போது டிஸ்க் வெளியேறியதும் கடிதம் அனுப்பும். பெரும்பாலான இடங்களில் அது சர்வரின் ரூட் பெட்டிக்குள் விழுந்து, யாரும் திறக்காமல் கிடக்கும். கிட்லேப் விஷயத்திலும் அன்றைய விபத்துக்கு முன்பே பேக்கப் பணி தோற்றுக்கொண்டிருந்தது. எச்சரிக்கைக் கடிதங்களும் கிளம்பின. அவற்றில் உரிய கையொப்பம் இல்லை என்று பெறும் முனை திருப்பிவிட்டது. அது யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை அலுவலகம் போனதும் எம்டிஏடிஎம் அமைப்புக் கோப்பில் மெயில்ஏடிடிஆர் வரியில் நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைப் போடுங்கள். பிறகு கண்காணிப்புக் கட்டளையை ‘டெஸ்ட்’, ‘ஒன்ஷாட்’ என்ற இரண்டு சொற்களோடு ஒருமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு மிரருக்கும் ஒரு சோதனைக் கடிதம் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர வேண்டும். வரவில்லையென்றால் வேறு எந்த வேலைக்கும் முன்பாக அதைச் சரிசெய்யுங்கள்.